பொன்மலர் பேசுகிறேன்

பிப்ரவரி 3, திங்கள்

மசாலா கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாக மேசையில் சும்மா கிடந்தது. இன்று எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. மகள் ஓவியாவைப் பள்ளியில் விடப் போனபோது தலைமையாசிரியை சிஸ்டர் ஃபிலோமினா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அலுவலகத்தில் இருக்கும் அம்மாள் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறாராம். "நீங்க பி.காம். முடிச்சவங்கதானே, ஜூன்ல வந்து சேர்றீங்களா?" என்று கேட்டார். ஏப்ரலுக்குள் பதில் சொன்னால் போதுமாம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். என் கணவர் குணசீலன் எதையும் சட்டென்று வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. "போறதுல ஒண்ணும் இல்ல. ஃபோனை யாரு எடுப்பா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கோவில்பட்டியைச் சுற்றிக் கயத்தாறு, கழுகுமலை, எட்டயபுரம் வரை பெட்டிக்கடை, டீக்கடை, மெஸ் எல்லாவற்றுக்கும் ரவை, மைதா, சேமியா, எண்ணெய், ரஸ்க் என்று நாங்கள் சரக்குப் போடுகிறோம். மாடியில் வீடு, கீழே குடோன், மாடிப்படிக்கு அடியில் என் மேசை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஆர்டர் ஃபோன் என்னிடம்தான். "வணக்கம், பொன்மலர் பேசுறேன், சொல்லுங்கண்ணாச்சி." விடிந்ததிலிருந்து விளக்கேற்றும் வரை இதே வாசகம். குளிக்கப் போனால் ஓவியா ஃபோனைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பாள். கடைக்காரர்களுக்கு என்னிடம் சொன்னால்தான் சரக்குச் சொன்ன மாதிரி இருக்கும். அது எனக்குப் பெருமையாகவும் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

அவர் மதுரையில் வியாபாரிகள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். இரண்டு வட்டாரத்தில் பெரிய கம்பெனிகளே கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு இறக்க ஆரம்பித்துவிட்டார்களாம். ஏஐ வைத்துக்கொண்டவன்தான் இனி தாக்குப்பிடிப்பான் என்று அங்கே பேசினார்களாம். எந்தக் கடைக்கு எந்த வாரம் என்ன தேவைப்படும், எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று எல்லாம் அதுவே கணக்குப் போட்டுவிடுமாம். "ஃபோனையும் அதுவே எடுக்குமாம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

நான் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகியதைக் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து நிவாஸ் என்று ஒரு தம்பி வந்திருந்தார். இதைச் செய்துதரும் கம்பெனி அவருடையது. நல்ல மரியாதை. குடோனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நான் ஆர்டர் எடுப்பதையே ஒரு பொழுது முழுக்கக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் குரல்ல பேசினா கடைக்காரங்க கட் பண்ணிடுவாங்கண்ணா. அக்கா குரலே இருந்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார்.

என் கணவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது என்னைப் போலவே பேசிவிட்டால் ஜூனில் என்னைத் தேட யாரும் இருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாடி அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பதிவு செய்தோம். மின்விசிறி போடக்கூடாது. நிவாஸ் கொடுத்த வாக்கியங்களை வாசித்தேன். சாதாரணமாக ஒரு தடவை, சிரித்துக்கொண்டு ஒரு தடவை, அவசரமாக ஒரு தடவை. "மன்னிச்சிருங்கண்ணாச்சி, நாளைக்குக் காலையிலேயே வந்துரும்" என்பதை வருத்தமாகச் சொல்லச் சொன்னார். நான்கு முறை சொல்லியும் வருத்தம் வரவில்லை. "யாராவது உங்களுக்காகக் காத்திருக்காங்கன்னு நினைச்சுக்கங்க அக்கா" என்றார். வந்தது.

ஒப்பந்தத்தில் என் கணவர் கையெழுத்துப் போட்டார். கடை அவர் பெயரில்தானே இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று முதல் அது பேசுகிறது. முதல் அழைப்பு கயத்தாறு தங்கப்பழம் அண்ணாச்சி. பத்து வருஷமாக என்னிடம் சரக்குச் சொல்கிறவர். ஒலிபெருக்கியில் போட்டு நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் கேட்டோம்.

"பொன்மலர், ரவை ரெண்டு மூட்டை போடு. மக எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காண்ணாச்சி. ரவை ரெண்டு. போன வாரம் சேமியா கேட்டீங்களே, அதையும் போட்டுரவா? வேற ஏதும் வேணுமா?"

அண்ணாச்சி சேமியாவும் சொல்லிவிட்டு வைத்தார். என் கணவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நிவாஸ் என்னிடம் கை நீட்டினார். நான் புடவையில் கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு நான்கூட அவ்வளவு அன்பாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. சாயங்காலமானால் வரும் தொண்டை வலி இல்லை.

மார்ச் 12, புதன்

பேச்சு போனது, காவல் வந்தது. அது எடுக்கும் ஆர்டரெல்லாம் திரையில் வரும். தப்பு இருந்தால் திருத்துவது என் வேலை. நாட்டுச் சர்க்கரை என்றால் சர்க்கரை என்று எழுதிவிடுகிறது. முன்பு கடைக்காரர்கள் நான் விழித்திருக்கும் நேரத்தில் கூப்பிட்டார்கள். எடுப்பது அது என்று தெரியாமலே, எந்நேரமும் எடுக்கிறாளே என்று இப்போது ராத்திரியிலும் கூப்பிடுகிறார்கள். கண் எரிகிறது.

"மூணு மாசம் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்னு நிவாஸ் சொல்லுதான்" என்றார் அவர்.

"ஜூன்ல எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கே."

"ஜூன் தானே. பாப்போம்."

அம்மா இந்த வாரமும் கூப்பிடவில்லை. வத்திராயிருப்பில் தனியாக இருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. தங்கை செல்வராணி அவள் ஃபோனில் இரண்டாம் எண்ணை அழுத்தினால் எங்கள் கடைக்கு வருகிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் எப்போதும் கடை ஃபோனில்தான் இருப்பேன் என்பதால் அந்த எண்தான். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுவாள். வெயில் ஆரம்பித்துவிட்டது, தூங்கிவிடுகிறாள் போல.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவை நானே கூப்பிட்டேன்.

"என்ன தாயி, இப்பத்தான கூப்பிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

"எப்பம்மா? நாம பேசி மூணு வாரம் ஆச்சே."

"நேத்துகூடப் பேசுனோமே. நீதான் வேலையா இருக்கேன்னு சொன்ன."

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. கண்ணில் புரை வேறு முற்றிக்கொண்டு வருகிறது. நாளும் கிழமையும் குழம்புகிறது போலிருக்கிறது. செல்வராணியிடம் சொல்லி வைக்க வேண்டும். அவள் திருப்பூரிலிருந்து எப்படி வருவாள். நானாவது ஒரு நாள் போக வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

இப்போது அதுவாகவே கடைகளைக் கூப்பிடவும் செய்கிறது. தேதி நெருங்கிய ரஸ்க் நிறைய நின்றுபோயிருந்தது. எல்லாக் கடைக்கும் என் குரல் போய்ப் பேசி ஒரே வாரத்தில் தள்ளிவிட்டது. அவருக்கு ஏக சந்தோஷம். "நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாக" என்றார். நான் கேட்கவில்லையே என்று சொல்ல வந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சொல்லவில்லை.

மார்ச் 27, வியாழன்

பஸ் நிலையம் எதிரே டீக்கடை வைத்திருக்கும் லூர்தம்மா மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"ரஸ்க் பூராவும் பூத்துப் போச்சு பிள்ளை. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நீதான் 'நான் சொன்னா நம்ப மாட்டீங்களா அக்கா'ன்னு கேட்ட. உன் முகத்துக்காகத்தான் வாங்குனேன்."

அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. பதிவுக்குக் கொடுத்த வாக்கியங்களிலும் அது இல்லை. "மாத்தித் தரச் சொல்லுதேன்க்கா" என்றேன். லூர்தம்மா நான் கொண்டுபோன பையில் ஒரு கட்டுக் கீரையைப் போட்டுவிட்டுப் போனார். பழைய பழக்கம்.

வீட்டில் சொன்னேன். கடைக்காரர்களிடம் இது இயந்திரம் என்று சொல்லிவிடலாமே என்றேன்.

"சொன்னா எவன் பேசுவான்? நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார். கோபமாக இல்லை. அலுப்பாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 5, சனி

ஓவியா பள்ளி விட்டு வந்ததும் கீழே போய்த் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன். இங்க இருக்கிற அம்மா கோவமே பட மாட்டேங்குறாங்க" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. பாயசம் வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். "ம்" என்றாள், "நல்லா இரு" என்றாள், வைத்துவிட்டாள். உடம்பு சரியில்லையா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

சிஸ்டர் ஃபிலோமினாவிடம் ஜூனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

செல்வராணி என் கைபேசியில் கூப்பிட்டாள். எடுத்ததும் சத்தம் போடவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, அம்மா கையை ஒடிச்சுக்கிட்டா. தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"தெரிஞ்சிருக்காதுதான். ஆபரேஷனுக்குக் கூட வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்தவளுக்கு என்ன தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அம்மாவுக்குப் புரை அறுவை சிகிச்சை செய்ய இலவசக் கண் முகாம்காரர்கள் வண்டி அனுப்புவதாக இருந்தார்கள். கூட ஒரு ஆள் வேண்டும். அம்மா கடைக்கு ஃபோன் போட்டு என்னை வரச் சொல்லியிருக்கிறாள். "காலையிலேயே வந்துரும்மா" என்று பதில் வந்திருக்கிறது. சரக்கு வந்துரும் என்று எல்லாரிடமும் சொல்கிற அதே வாக்கியம். மக வந்துருவா என்று அம்மா எடுத்துக்கொண்டாள். விடியற்காலையில் குளித்து, பையைக் கட்டிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி வந்தபோது, "எம்மக வந்துகிட்டு இருக்கா, செத்த நில்லுங்க" என்றாளாம். அவர்கள் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள். வண்டி போய்விட்டது. அதற்கு நான்கு நாள் கழித்துக் கொல்லையில் குடம் இருந்தது தெரியாமல் தடுக்கி விழுந்திருக்கிறாள்.

"கண்ணு தெரியலன்னு அவ உன்கிட்ட அழுதாளாம். அதுக்கு நீ 'சரிம்மா, வேற ஏதும் வேணுமா'ன்னு கேட்டியாம்" என்றாள் செல்வராணி.

பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

வத்திராயிருப்பிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. பக்கத்து வீட்டு ராஜாத்தி அக்காதான் தலை சீவி விட்டிருக்கிறார்.

நேற்று வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அது நான் இல்லை, ஒரு இயந்திரம், என் குரலைப் பழக்கி வைத்திருக்கிறோம் என்றேன். அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வர முடியலன்னா வர முடியலன்னு சொல்லு. அதுக்கு இப்படி ஒரு கதை வேணுமா?"

"கதை இல்லம்மா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு மக குரல் தெரியாமப் போகுமா?"

என்ன சொன்னாலும் அதையே சொன்னாள். நான் பேசப் பேச அவளுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. பேசுகிற இந்தக் குரல்தானே அவளிடம் அப்படிப் பேசியதும்.

காலையில் காபி குடித்ததும் அவள் ஃபோனை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ரெண்டை அழுத்தச் சொல்லி ஒலிபெருக்கியில் போட்டேன். அவளுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் இடது கையை எடுத்து என் வாயின் மேல் வைத்துக்கொண்டேன். இவ்வளவு பக்கத்தில் அவளுக்குக் கண்ணும் ஓரளவு தெரியும்.

மணி அடித்தது. எடுத்தது.

"அம்மா, எப்படிம்மா இருக்கீங்க? நான் நல்லா இருக்கேன். ஓவியாவும் நல்லா இருக்கா."

என் உதடு அசையவில்லை. அம்மாவின் விரல்கள் என் வாயைத் தடவின. பிறகு தொண்டைக்கு இறங்கின.

"கொஞ்சம் வேலையா இருக்கேம்மா. சாப்டீங்களா? வேற ஏதும் வேணுமா?"

அம்மா கட்டுப் போட்ட கையால் ஃபோனை மடியிலிருந்து பாயில் தள்ளினாள். அது இன்னும் இரண்டு முறை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நின்றது. அவள் கையை என் தொண்டையிலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப இவ யாரு?" என்றாள். பிறகு, "நான் இவகிட்ட என்னென்னமோ சொன்னேனே" என்றாள்.

"என்னம்மா சொன்ன? இப்ப சொல்லு."

"உன்கிட்ட மட்டும்தான் சொல்லணும்னு வச்சிருந்தது. சொல்லிட்டேன். திரும்பச் சொல்ல வராது தாயி."

நான் கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறை கேட்டேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள், ஒரு கையால்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன். அவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"உங்கம்மா அடிக்கடி கூப்பிட்டாக. அது எந்த ஊருக் கடைன்னு கேட்டுது, அவுக முழிச்சாக. அதான் நிவாஸ்கிட்டச் சொல்லி அந்த நம்பருக்கு மட்டும் நலம் விசாரிக்கிற மாதிரி போடச் சொன்னேன். உனக்கு வேலை கெடக் கூடாதுல்லா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ பேச உக்காந்துருவ. அவுகளும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாக. ஆபரேஷன் சமாச்சாரம் எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன உக்காந்து கேட்டுக்கிட்டா இருக்கேன்?"

அம்மாவுக்கு நல்ல டாக்டரைப் பார்க்கலாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த எண்ணை எடுத்துவிடவும் சொல்லிவிட்டார். நான் என் குரலையே எடுத்துவிடச் சொன்னேன். வேறு யார் குரலாவது வைத்துக்கொள்ளட்டும்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விளாத்திகுளம் லைன் புதுசா எடுத்திருக்கோம். அம்புட்டுப் பேரும் உன் குரலுக்குப் பழகிட்டாக. இப்பப் போயி எடுக்கச் சொல்லுத."

நிவாஸுக்கு நானே பேசினேன். "எனக்குக் கஷ்டமா இருக்குக்கா. ஆனா ஒப்பந்தம் அண்ணன் பேர்லதான இருக்கு. அவர் சொன்னா அன்னைக்கே எடுத்துடறேன்" என்றார். வைக்கும் முன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். சாத்தூரில் ஒரு பலசரக்கு ஏஜென்சிக்கும் என் குரல் போயிருக்கிறதாம். அண்ணன் சம்மதித்துதான் கொடுத்தாராம். நான் சாத்தூருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது.

மே 5, திங்கள்

கடைக்காரர்களை என் கைபேசியிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதலில் தங்கப்பழம் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, பொன்மலர் பேசுறேன். நெசமாவே நான்தான். இத்தனை நாளா உங்ககிட்ட ஆர்டர் எடுக்கிறது நான் இல்ல, மிஷினு."

"என்னம்மா காலங்காத்தால விளையாடுத? இப்பத்தான பேசிட்டு வச்ச."

விளக்கினேன். "அப்ப இப்பப் பேசுதது மிஷினா, அதுவா?" என்றார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. குரல் உடைந்தது. அது உடைந்ததும் அண்ணாச்சி நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். "சரிம்மா, எது பேசுனா என்ன, சரக்கு ஒழுங்கா வருதுல்லா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். யாரும் கோபப்படவில்லை. யாராவது கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

மே 7, புதன்

லூர்தம்மா கடைக்கு நேரில் போனேன். கேட்டுவிட்டு அடுப்பைத் தணித்தார்.

"எம் மக ஓடிப்போனதை அதுகிட்டச் சொன்னேன்" என்றார். "ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீன்னு நினைச்சு சொன்னேன்."

எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

மே 10, சனி

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது. கழுகுமலைக் கடை ஒன்றிடம் என் குரல் பேசுகிறது.

"அண்ணாச்சி, எனக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. உங்களைக் கூப்பிட்டு ஏதாவது உளறியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. வீட்டுல பாத்துக்குறாங்க."

அந்த அண்ணாச்சி, "ஐயோ பாவம், உடம்பைப் பாத்துக்க தாயி" என்றார். அது நன்றி சொன்னது. என்னைவிட வருத்தமாகச் சொன்னது. பிப்ரவரியில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிய அறையில் நான் கொடுத்த வருத்தம்.

அங்கே உட்கார்ந்திருந்த என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வேற வழி தெரியல மலரு" என்றார். "நீ எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்ட. விளாத்திகுளத்துல ரெண்டு பேரு சரக்கு எடுக்கிறதை நிறுத்திட்டாக. பெரிய கம்பெனிக்காரன் வாசல்ல வந்து நிக்கான். நான் என்ன செய்யட்டும்?"

அவர் கண் கலங்கியிருந்தது. அது உண்மை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி நான் யாரிடம் போய் எதைச் சொன்னாலும் மனசு சரியில்லாதவள் பேச்சு. அதை நானே சொல்லிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

துணி துவைத்தேன். தலையணை உறை, திரைச்சீலை எல்லாம்.

மே 19, திங்கள்

நாலைந்து நாளாகப் பேச வரவில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் அடுத்த வார்த்தை என்ன என்று கீழே பேசும் அந்தக் குரலுக்கு முன்பே தெரியும் போல ஒரு கூச்சம். ஓவியாவிடம் மட்டும் சைகையில்லாமல் பேச முடிகிறது. அவள் இப்போது கீழே போய் உட்காருவதில்லை. நான் சொல்லவில்லை, அவளாகவே.

ஜூன் 2, திங்கள்

பள்ளியில் சேர்ந்துவிட்டேன்.

காலையில் புடவை கட்டிக்கொண்டு, ஓவியாவுக்கும் எனக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் வண்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று படியிறங்கும்போதே கோர்த்து வைத்திருந்தேன்.

"போயிட்டு வா" என்றார். "இங்கதான் நீ இருக்கியே."

கிண்டல் இல்லை. நிஜமாகவே சமாதானமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் போகும்போது வழி நெடுக அந்த வார்த்தைதான் கூட வந்தது. பிப்ரவரியில் இதற்குத்தானே ஆசைப்பட்டேன்.

பள்ளியில் சேர்க்கைக் கூட்டம். பேச வேண்டியிருந்தது, பேசினேன்.

ஜூன் 14, சனி

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை கோவில்பட்டியிலேயே முடிந்தது. கைக்கட்டும் அவிழ்த்தாயிற்று. நான்தான் கூட இருந்தேன். மேலே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவர் ஆட்டோ பிடித்து, கைத்தாங்கலாக அவளைப் படியேற்றினார்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தபோது அம்மா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி.

"நீ காலையிலேயே போயிட்ட. ஆனா கீழ நீ பேசிக்கிட்டே இருக்க" என்றாள். "சிரிக்கிற. யார் யாரையோ அண்ணாச்சிங்குற. என்னால இங்க இருக்க முடியாது தாயி. என்னை ஊருக்கு அனுப்பிரு."

அவளைத் தனியாக அனுப்ப முடியாது. அவளை இங்கே வைத்திருக்கவும் முடியாது. பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னேன்: "ஒரு நாலு நாள் பொறு. நாம சேர்ந்தே போவோம்."

அப்படிச் சொல்லப் போகிறேன் என்று சொல்லும் வரை எனக்கே தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

பள்ளிக்குப் பின்புறத் தெருவில் வீடு. ஒரு அறை, சமையலறை, பின்னால் சிறிய முற்றம். சிஸ்டர் ஃபிலோமினா சொல்லிக் கிடைத்தது. துணிப் பெட்டி, பாய், ஓவியாவின் புத்தகங்கள், அம்மா, அவ்வளவுதான். அவரிடம் காலையில் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கோவமா போறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது.

ஜூன் 29, ஞாயிறு

அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். ஓவியாவுக்கு மாம்பழம் வாங்கி வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, அம்மாவிடம் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா தெரிகிறது என்றாள்.

பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"முந்தாநாள் எட்டயபுரத்துல வண்டி நின்னுபோச்சு. கடைக்குத்தான் ஃபோனைப் போட்டேன், நீ எடுத்த. 'சொல்லுங்க, என்ன வேணும்'னு கேட்ட. மெக்கானிக்கை அனுப்பச் சொல்லணும், அதுக்குத்தான் போட்டது. சொல்லாம என்னென்னமோ பேசிட்டேன். ரோட்டோரத்துல நின்னுக்கிட்டு. அது எல்லாத்துக்கும் சரி சரின்னுச்சு."

கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை எடுத்துட்டா வருவியா?"

"முதல்ல எடுங்க" என்றேன். "சாத்தூர்ல இருக்கிறதையும் எடுங்க. எடுத்துட்டு வந்து சொல்லுங்க."

"எடுத்தா வருவியா?"

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஓவியா மாம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவருக்கு ஒரு பதில் என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவரும் மூன்றாம் முறை கேட்கவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பதிலை இங்கேயும் எழுதப்போவதில்லை. அது ஒன்றாவது என்னிடம் மட்டுமே இருக்கட்டும். நாளை ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குக் கடைசி நாள். சீக்கிரம் போக வேண்டும்.